நாலு செட் கால்

கிரிஸ்புலோ செய்த பாவம் அவருடைய வலது தொடையில் இருந்தது. ஸ்கேன் கருவியின் கணக்கில் அது அரை சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அவர் கண்ணுக்கு மட்டும் கால்சட்டையின் வலது பக்கம் வெடித்துவிடும் போலவும், இடது பக்கம் தொளதொளவென்று ஆடுவது போலவும் தெரிந்தது. முடிவெட்ட வந்து உட்காருகிறவன் கண்ணாடியில் தன் மூஞ்சியைத்தான் பார்ப்பான். கிரிஸ்புலோவுக்கோ எல்லோரும் தன் தொடையையே பார்க்கிறார்கள் என்று வேர்த்துக் கொட்டியது.

ஹாரோ ஊர்த் தேவாலயத்துக்குப் பின்சந்தில் இருபத்தெட்டு வருடமாகச் சலூன் வைத்திருப்பவர் அவர். வயது ஐம்பத்திரண்டு. யார் வீட்டில் விசேஷம் என்றாலும், சண்டை என்றாலும், கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்பார். கூப்பிடாத இடத்துக்கும் போவார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

ரிசலின் அவருடைய ஞானமகள். ஞானத்தந்தை என்ற முறையில் அவரை 'நினோங்' என்று கூப்பிடுவாள். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்தான். அவள் அப்பா எடில்பெர்த்தோவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிரிஸ்புலோவின் தோளைப் பிடித்து, "பாரே, பொண்ணைப் பாத்துக்க" என்பான். பிள்ளையின் ஞானத்தந்தையைப் பெற்றவர்கள் அங்கே 'பாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். இவரும் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனார், பல்வலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், கல்லூரி வாசலில் விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்றார். இப்போது அவள் உடற்பயிற்சி அறிவியலில் முதுகலை முடிக்கப் போகிறாள். அந்தப் பட்டத்துக்கான ஆராய்ச்சியில்தான் இவர் கையை, சரியாகச் சொன்னால் காலை, வைத்துவிட்டார்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சலூனுக்கு வந்து, வாழ்க்கையில் உடற்பயிற்சியே செய்யாத பதினாறு பேர் வேண்டும் என்றாள். அந்தப் பேட்டையில் அதற்கா பஞ்சம்? பத்து நிமிஷத்தில் பதினாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்று சக்கர வண்டி ஓட்டும் பாதோங் வந்தார். வாழைப்பழம் பொரித்து விற்கும், சின்னவர்கள் எல்லாம் 'மனாங்', அதாவது அக்கா, என்று கூப்பிடும் லோலிங் வந்தாள். கோவில் மணி அடிக்கிறவர்கூடப் பெயர் கொடுத்தார்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழக ஜிம்மில் ஒரு நாற்காலி. உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே வைத்த உருளையைக் காலால் மேலே தூக்க வேண்டும். கால் இனி முடியாது என்று கைவிடும்வரை தூக்கினால் ஒரு செட். ஒரு காலுக்கு ஒரே ஒரு செட். இன்னொரு காலுக்கு இரண்டு நிமிஷ இடைவெளி விட்டு விட்டு நாலு செட். எந்தக் காலுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாள். கிரிஸ்புலோவுக்கு வலது கால் நாலு செட் காலாக அமைந்தது. பன்னிரண்டு தடவைக்கு மேல் தூக்கிவிட்டால் அடுத்த முறை எடை கூடும். செவ்வாயும் வெள்ளியும், பத்து வாரம். முதலிலும் நடுவிலும் கடைசியிலும் தொடையின் முன்பக்கத் தசை எவ்வளவு தடித்திருக்கிறது என்று ஸ்கேனில் அளப்பாள். அதிக செட் போட்டால் அதிகத் தசை வருமா, வந்தால் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

"ஏண்டி பொண்ணே, ஒரு கால் மட்டும் பெருத்துப் போச்சுன்னா நான் வண்டியை வட்டமாத்தான் ஓட்டணும்" என்றார் பாதோங்.

"இப்ப மட்டும் நேராவா ஓட்டுறே?" என்றாள் லோலிங். பிறகு ரிசலின் பக்கம் திரும்பி, "எந்தக் கால் ஜெயிக்கணும்னு நீ நினைக்கிறே? அதைச் சொல்லு முதல்ல" என்று கேட்டாள்.

"அதைச் சொல்லவே மாட்டேன் மனாங். சொன்னா நீங்க அந்தக் காலை மட்டும் உயிரைக் குடுத்துத் தூக்குவீங்க. ஒண்ணே ஒண்ணு. இந்தப் பத்து வாரமும் வீட்டுல காலுக்கு வேற எந்தப் பயிற்சியும் கூடாது. கையெழுத்துப் போடுங்க."

பயிற்சியாவது, வீட்டிலாவது! எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பதிலைச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் தாங்களே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பது அவ்வளவு படித்த பெண்ணுக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரம் நடு ஸ்கேன். கிரிஸ்புலோ படுத்திருந்தார். ரிசலின் இரண்டு தொடையிலும் பசையைத் தடவிக் கருவியை வைத்துப் பார்த்தாள். எண்களைத் தாளில் எழுதினாள். எழுதியதை இன்னொரு முறை பார்த்தாள். சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. படுத்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார் கிரிஸ்புலோ. இரண்டு காலுக்கும் ஏறக்குறைய ஒரே எண்.

நாலு மடங்கு உழைத்த காலும் ஒரு மடங்கு உழைத்த காலும் ஒன்று என்றால் பரிசோதனை தோற்றுப்போச்சு என்றுதானே அர்த்தம்? பெண் அழுகிறாள். அப்பன் நடுக்கடலில் இருக்கிறான். இங்கே இவர் மரக்கட்டை மாதிரி காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் சலூன் ஷட்டரைப் பாதி இறக்கி, பாதோங்கையும் லோலிங்கையும் உள்ளே கூப்பிட்டார்.

"பொண்ணு ஃபெயிலாகப் போறா. நாலு செட் கால் வளரவே இல்ல."

"நம்ம காலுக்கு அவ்வளவுதான் யோக்கியதை" என்றார் பாதோங்.

"யோக்கியதையை நாம உண்டாக்கணும். நாலு போதலைன்னா எட்டாக்குவோம். புதனும் ஞாயிறும் இங்க வாங்க. நாலு செட் காலுக்கு மட்டும்."

"கையெழுத்துப் போட்டுருக்கோமே?" என்று லோலிங் இழுத்தாள்.

"நாம திருடவா போறோம்? நம்ம பொண்ணுக்குத்தானே பண்றோம்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு மனிதர்கள் எத்தனை அநியாயம் செய்திருக்கிறார்கள் என்று எழுதப்போனால் தாள் போதாது. பெயிண்ட் டப்பாவில் சிமெண்டை ஊற்றிக் கம்பி வளையம் வைத்தார் கிரிஸ்புலோ. முடிவெட்டும் நாற்காலியை உயரத் தூக்கி, அதில் ஆளை உட்காரவைத்து, கணுக்காலில் டப்பாவைத் துணியால் கட்டினார். சேதி பதினாறு பேருக்கும் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் சந்தில் வரிசை நின்றது. கண்ணாடிக்கு முன்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் காலை உதைத்தார்கள். லோலிங் உதைக்கும்போது ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புனிதரின் பெயரைச் சொன்னாள். கிரிஸ்புலோ கையில் சீப்பை வைத்துக்கொண்டு எண்ணினார். அந்த ஐந்து வாரமும் அவர் மனம் நிறைந்திருந்தது. எடில்பெர்த்தோ தன்னிடம் ஒப்படைத்த வேலையைத் தான் ஒழுங்காகச் செய்வதாக நினைத்தார்.

கடைசி ஸ்கேன் முடிந்த அன்று ரிசலின் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எண்களை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப வளர்ந்திருக்கு நினோங்" என்று மட்டும் சொன்னாள். போதாதா? அன்று சாயங்காலம் லோலிங் சந்து முழுவதும் பொரித்த வாழைப்பழம் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ரிசலினின் அம்மா நெனிங் சலூனுக்கு வந்தாள். சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். முழங்கால் வலியால் படி ஏறும்போது கையால் தொடையைத் தள்ளித் தள்ளித்தான் ஏறுவாள். அன்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பாதோங் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார், லோலிங் வாசலில் கூடையோடு இருந்தாள்.

"பாரே, அவ மூணு நாளா சாப்பிடல" என்றாள் நெனிங். "எண்ணெல்லாம் பொய்யாம். இவளே எழுதிக்கிட்டாளாம்."

கிரிஸ்புலோவின் கையில் கத்தி அப்படியே நின்றது. "யார் சொன்னது?"

"அந்தப் பேராசிரியை. சோலெதாத் மேடம். பதினாறு பேர்னா ரெண்டு மூணு பேருக்காவது சரியா வளராதாம், ஒருத்தருக்கு ஒரு மாதிரி இருக்குமாம். இதுல பதினாறு பேருக்கும் ஒரே கால், ஒரே அளவுக்குப் பெருத்திருக்காம். அதுவும் கடைசி அஞ்சு வாரத்துல. ஸ்கேன் கருவியை அழுத்தி வச்சா தசை மெலிசாத் தெரியுமாம், லேசா வச்சா தடியாத் தெரியுமாம். எந்தக் கால் எதுன்னு இவளுக்குத் தெரியும், அளந்ததும் இவளே, அதனால வேணும்னே ஒண்ணை அழுத்திட்டான்னு சொல்றாங்க. திங்கக்கிழமை விசாரணை. நிரூபிக்க முடியலைன்னா பட்டமும் கிடையாது, வேற எங்கயும் சேர்க்கவும் மாட்டாங்க." நெனிங் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ தூக்கி வளர்த்த பிள்ளை பாரே. அவ பொய் எழுதுவாளா? நீயே சொல்லு."

பாதோங் முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டார். லோலிங் கூடைக்குள் இல்லாத எதையோ தேடினாள். கிரிஸ்புலோ வாயைத் திறந்தார். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். "எழுத மாட்டா" என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. நெனிங் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தனாவது இருக்கியே" என்றாள். நெருப்பைத் தொட்டது போல இருந்தது. அவள் போனபிறகு பாதோங்கின் கன்னத்தில் இரண்டு இடத்தில் கத்தி பட்டுவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கிரிஸ்புலோ பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். மரக்கூண்டின் வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார்.

"சாமி, நான் ஒரு பொண்ணோட படிப்பைக் கெடுத்துட்டேன்."

"எத்தனை செட்?" என்றார் சாமியார்.

கிரிஸ்புலோ வலையை உற்றுப் பார்த்தார். அவர் இன்னும் காலைப் பற்றியே பேச்செடுக்கவில்லை. தனக்கு முன்னாலேயே வேறு யாரெல்லாமோ இந்தக் கூண்டில் முழந்தாளிட்டுவிட்டார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. சாமியாரும் தான் உளறியதை உணர்ந்து இன்னொரு முறை இருமினார்.

"எட்டு, சாமி. யோசனை என்னோடது. மத்தவங்க எல்லாம் நான் சொல்லித்தான் செஞ்சாங்க."

"இங்க சொல்றது கடவுளுக்குப் போதும். அந்த மேடத்துக்குப் போதாது."

"நான் திங்கக்கிழமை போய்ச் சொல்லிடுறேன்."

"நீ மட்டும் போனா, ஞானமகளைக் காப்பாத்தப் பொய் சொல்ல வந்திருக்கான்னு நினைப்பாங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போ. கட்டித் தூக்கினதையும் எடுத்துக்கிட்டுப் போ."

திங்கட்கிழமை காலை பல்கலைக்கழகக் காவலாளி பதினாறு பேரைக் கண்டு மிரண்டான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுமை. பெயிண்ட் டப்பா, மணல் மூட்டை, தண்ணீர் நிரப்பிய எண்ணெய் கேன். கோவில் மணி அடிக்கிறவர் வீட்டு அம்மிக்குழவியையே கொண்டுவந்திருந்தார். விசாரணை அறையில் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். எதிரே தனி நாற்காலியில் ரிசலின். முகம் வெளிறி, ஒரு வாரத்தில் பாதியாகியிருந்தாள். கிரிஸ்புலோ தன் டப்பாவை மேஜைமேல் வைத்தார். மேஜை முனகியது.

"இது என்ன?" என்றார் சோலெதாத் மேடம்.

"என் வலது காலுக்கு, மேடம். புதனும் ஞாயிறும். இந்தப் பொண்ணுக்குத் தெரியாது. யாரும் சொல்லல."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நாக்கு குழறியது, ஆனால் நிறுத்தவில்லை. லோலிங் அழுதுகொண்டே எத்தனை தடவை, எந்தக் கால் என்று சொன்னாள். பாதோங் மேடத்திடம் தன் தொடையை அளந்து பார்க்கச் சொன்னார், நல்லவேளையாக அந்த அம்மாள் வேண்டாம் என்றுவிட்டார். எந்தத் தேதியில் எந்த எடை என்று மேடம் பயிற்சித் தாளைப் புரட்டிப் பார்த்தார். ஆறாவது வாரத்திலிருந்து பதினாறு பேரின் நாலு செட் காலும் குதித்துக் குதித்து எடை ஏறியிருந்தது. டப்பாவைக் கையால் தூக்கிப் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தார்.

"மிஸ் ரிசலின் பொய் எழுதல. அது தெரிஞ்சுபோச்சு" என்றார் கடைசியில். "அதைப் பதிவு பண்ணிடுறோம். ஆனா இந்த எண்களை வச்சு இனி ஒண்ணும் பண்ண முடியாது. புதுசா பதினாறு பேர், முதல்லேருந்து. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

மற்றவர்கள் சுமைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். தாழ்வாரத்தில் கிரிஸ்புலோவும் ரிசலினும் மட்டும் நின்றார்கள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஏன் நினோங்?" என்றாள்.

"நடு ஸ்கேன் அன்னிக்கு நீ அழுதியே, மகளே. ரெண்டு காலும் ஒண்ணா இருக்குன்னு. நீ தோத்துடுவியோன்னு..."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"நான் அழல. சிரிப்பை அடக்கினேன். உங்ககிட்டக் காட்டக் கூடாதுல்ல, அதான் திரும்பிக்கிட்டேன்." சுவரில் சாய்ந்தாள். "ரெண்டும் ஒண்ணா வரணும்னுதான் நான் வேண்டிக்கிட்டேன் நினோங். அம்மா நாள் பூரா சந்தையில நிக்கிறா. அவகிட்டப் போய் நாலு செட் பண்ணு, இடையில ரெண்டு ரெண்டு நிமிஷம் உட்காருன்னா நடக்குமா? ஒரு செட்டே பெரும்பாலும் போதும்னு சொல்ல முடிஞ்சா அவ மாதிரி ஆளுங்க செய்வாங்க. முழங்கால் கொஞ்சமாவது தேறும். அதுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியே. உங்க கால்லதான் முதல்ல அது தெரிஞ்சுது. சந்தோஷத்துல என்ன பண்றதுன்னே தெரியல."

அவள் கட்டியதை இடிக்கத்தான் கிரிஸ்புலோ ஐந்து வாரம் சீப்பை வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். அவர் கட்டிவிட்ட டப்பா ஒவ்வொன்றும் நெனிங்கின் முழங்காலில் ஏறியிருக்கிறது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, "ஏன் அழறே" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. உதவி செய்கிற அவசரத்தில் யாருக்கு உதவி என்பதையே கேட்காமல் விட்டுவிட்டார்.

"நான் இப்ப என்ன பண்ணணும், சொல்லு. புது ஆளுங்களைப் பிடிச்சுத் தரவா? மேடத்துகிட்ட இன்னொரு தடவை..."

"வேண்டாம் நினோங்." அவள் சுவரிலிருந்து விலகி நின்றாள். "தயவு செஞ்சு எதுவும் பண்ணாதீங்க."

அவர் எதுவும் செய்யவில்லை. அந்த மாதிரி தண்டனை அவருக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. அவள் வேறு ஊரில், யாரும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு குடியிருப்பில், ஆள் சேர்க்கிறாள் என்று கேள்விப்பட்டார். தெரியாதது போல முடி வெட்டினார். நெனிங் படியேறி வரும்போது எழுந்து கை கொடுக்கக்கூட அவருக்குக் கூசியது. நெனிங் எதுவும் கேட்கவில்லை. மகள் அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியவும் இல்லை.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை, கடையைத் திறந்த கையோடு போன் அடித்தது. திரையில் எடில்பெர்த்தோ. பின்னால் கப்பலின் இரும்புச் சுவர், காற்றின் இரைச்சல். முகம் கருத்து, முன்பைவிட முடி கொட்டியிருந்தது.

"பாரே! ரெண்டு வாரமா சிக்னலே இல்ல. நேத்துதான் பொண்ணுகிட்டப் பேசினேன்."

கிரிஸ்புலோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அவமேல ஏதோ பழி விழுந்துச்சாமே. நீ பேட்டையையே திரட்டிக்கிட்டுப் போய் மேடத்துக்கு முன்னாடி நின்னியாமே. நினோங் வரலைன்னா என் பேரே போயிருக்கும்ப்பான்னு சொன்னா." அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வது திரையில் தெரிந்தது. "நான் இங்க நடுக்கடல்ல இருக்கேன், என்ன பண்ண முடியும் சொல்லு? நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் இருபத்துநாலு வருஷமா கப்பல் ஏறுறேன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல பாரே."

பாதிக் கதையை மட்டும் சொல்லியிருக்கிறாள். இவர் தலைகுனியாத பாதியை. அப்படியே விட்டுவிடலாம். "அதெல்லாம் என்ன பெரிய விஷயம்" என்று சிரித்தால் முடிந்தது, நட்பு அப்படியே இருக்கும், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது எடில்பெர்த்தோ சாக்லேட் பெட்டியோடு நேராக இங்கேதான் வருவான். கிரிஸ்புலோவின் வாய் சிரிக்கக்கூடத் தொடங்கிவிட்டது.

"எடில்," என்றார். "நன்றியை வாபஸ் வாங்கிக்கோ. மிச்சத்தை நான் சொல்றேன், நீ போனை மட்டும் வச்சுடாதே."

"என்ன பாரே, விளையாடுறியா?"

"இல்ல. அவமேல அந்தப் பழி விழுந்ததே என்னாலதான்."

திரையில் எடில்பெர்த்தோவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கிரிஸ்புலோ அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், கண்ணை எடுக்கவில்லை.